உள்ளறையாரின் அங்கி

அங்கி நான்கு விரல் குட்டையாக இருந்தது.

பேகேர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு மறுபடி அளந்து பார்த்தான். நான்கு விரல்தான். போன மழைக்காலத் தொடக்கத்தில் அம்மா தறியிலிருந்து இறக்கிப் போர்த்திய அன்றைக்கு, அந்த அங்கியின் விளிம்பு பீடத்துக் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அவனே சாட்சி, மடிப்புக்குள் சிக்கிய பல்லியை எடுத்துப் போட்டவன் அவன்தான். இப்போது விளிம்புக்குக் கீழே இரண்டு மரக் கணுக்கால்கள் தெரிந்தன. யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று செதுக்காமல் விட்டிருந்த இடம் அது. ஆனாலும் கணுக்கால் முட்டிகள் உருண்டு திரண்டு, ஒழுங்காகத்தான் இருந்தன. கம்பளி சுருங்கும் என்பது உண்மை. ஆனால் துவைத்தால்தானே சுருங்கும்? உள்ளறையாரின் அங்கியை அந்த வீட்டில் யாரும் துவைத்ததில்லை. தெய்வத்துக்கு வேர்க்காது என்பது குடும்பக் கொள்கை.

"அம்மா, உள்ளறையாருக்கு அங்கி குட்டையாயிடுச்சு."

நாராள் திரிகைக்கல்லிலிருந்து தலை தூக்கவில்லை. "ஈரக் காத்துக்குச் சுருங்கியிருக்கும்."

"மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சும்மா."

"அப்போ காஞ்ச காத்துக்குச் சுருங்கியிருக்கும். போய் ஆட்டுக்குத் தண்ணி காட்டுங்க, பூசாரி ஐயா."

பேகேர் பூசாரியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. பத்தொன்பது வயதில் அந்தப் பதவி கிடைத்ததற்கு அவனுடைய பக்தி காரணமில்லை. வேறு ஆள் இல்லாததுதான் காரணம்.

உள்ளறையார் பிறந்த கதை எப்பிராயீம் மலையில் எல்லோருக்கும் தெரியும். அவன் அப்பா தாகானே அதைத் தன் சாமர்த்தியமாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். முதல் பிள்ளை ஆண்டவருக்குச் சொந்தம். பிறந்து ஒரு மாதம் ஆனதும் சீலோ ஊரிலிருக்கும் அவருடைய கூடாரக் கோவிலுக்குத் தூக்கிப் போய், காணிக்கை கொடுத்து, பிள்ளையை மீட்டுக்கொண்டு வர வேண்டும். பேகேருக்கு ஒரு மாதம் ஆனபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சீலோ இரண்டு நாள் நடை. கறுப்பு ஆடு வேறு இன்றோ நாளையோ ஈனுவேன் என்று நின்றது. நுகத்தடிக்காக வெட்டிய கர்வாலி மரத்தில் ஒரு முழக் கட்டை மிஞ்சிக் கிடந்தது. தாகான் அதற்குக் கண் மூக்கு வைத்து, வீட்டின் கடைசி அறையில் நிறுத்தி, அதன் முன்னால் பிள்ளையைக் கிடத்தி, சீலோவில் சொல்வார்கள் என்று ஞாபகமிருந்த வரிகளைச் சொல்லி முடித்தார். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. யாருக்கும் கால் வலிக்கவில்லை.

வருடங்கள் போகப் போக மதம் வளர்ந்தது. ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது, களத்தில் நல்ல காற்று வீசினால் தவிர. ஊனமான ஆட்டைப் பலியிடக் கூடாது, ஆனால் நொண்டுவது ஊனத்தில் சேராது. குற்றத்துக்குப் பரிகாரம் ஒரு புறா. புறா கிடைக்காவிட்டால் புறாவை மனதில் நினைத்துக்கொண்டால் போதும். பிறகு மூசி வந்தான். ஊர் ஊராக வேலை தேடி அலைந்த லேவியன்; பூசாரிக் குலம். சோறும் துணியும் தருகிறோம் என்றதும் உட்கார்ந்துவிட்டான். அவன் வந்த பிறகுதான் குறிகேட்கும் பை வந்தது. தோல் பைக்குள் இரண்டு கூழாங்கற்கள்: வெள்ளை என்றால் ஆம், கறுப்பு என்றால் இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஒன்பது வருடத்தில் உள்ளறையார் ஒரு முறைகூட இல்லை என்று சொன்னதில்லை. இவ்வளவு அனுசரணையான தெய்வத்தைப் பார்க்கப் பக்கத்து மலையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

பூசாரியான அன்றைக்கே பேகேர் அந்தப் பையைக் கவிழ்த்துப் பார்த்தான். உள்ளே இருந்த இரண்டு கல்லும் வெள்ளை.

தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தான். அப்பாவிடம் சொல்லவில்லை. பாவம், வயதான காலத்தில் மனிதனுக்கு ஒரு நம்பிக்கை இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் மூசி கடைசியாகப் பேசியது நினைவுக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்பு ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து திராட்சரசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூசி நாலாவது கிண்ணத்தில் திடீரென்று கேட்டான்.

"டேய், உன்னை யாருடா மீட்டா?"

"எதுலேர்ந்து?"

"பண்டிகைக்குப் பண்டிகை உங்கப்பா சொல்றாரே, 'களத்தின் முதல் உமக்கு, ஆலையின் முதல் உமக்கு, கருவின் முதல் உமக்கு'ன்னு. அது பாதிதான். சீலோவுல அதைச் சொன்னதும் பூசாரி காணிக்கையைக் கையில வாங்கிக்கிட்டு 'மீட்கப்பட்டான்'னு பதில் சொல்வாரு. அப்புறம்தான் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பாங்க. உனக்கு யாரு பதில் சொன்னா?"

"நீதான் பூசாரி. இப்போ சொல்லிடேன்."

"நான் சோத்துக்கு வந்தவன்டா. நான் சொன்னா செல்லுமா?"

"செல்லாட்டி என்ன? ஒரு மரக்கட்டை என்னைத் தூக்கிட்டா போகப்போவுது?"

மூசி எதற்கும் சிரிப்பவன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கிண்ணத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ நீ என் இடுப்பு உயரம் இருந்த. அதுவும் என் இடுப்பு உயரம்தான் இருந்துச்சு."

மறுநாள் காலையில் மூசியைக் காணோம். எங்கோ பெரிய வீட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான், நன்றி கெட்டவன் என்றார் தாகான். பேகேரும் அப்படித்தான் நம்பினான். ஆனால் நன்றி கெட்டுப் போகிற மனிதன் உள்ளறையாரின் வெள்ளி விளக்கைச் சுருட்டாமல் விட்டுவிட்டா போவான்? உள்ளறை வாசலில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டா போவான்?

இப்போது அங்கி நான்கு விரல் குட்டை.

வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய வாரம் அது. மூசி போனதிலிருந்து மூன்று ஆடுகள் தலையீற்று ஈன்றிருந்தன. மூன்று குட்டிகளும் விறைத்துப் போய்ப் பிறந்தன. கடைசிக் குட்டியைப் புதைக்கத் தூக்கியபோது அது கையில் கனக்கவே இல்லை. விரலால் தட்டினால் காய்ந்த விறகின் ஓசை வந்தது. பேகேர் அதை யாரிடமும் சொல்லாமல் குழியில் போட்டு மூடினான். அன்று பிற்பகல் அறுப்பில் கவனம் பிசகி, நிமிரும்போது அரிவாள் நுனி இடது புருவத்தைக் கிழித்துவிட்டது. ஆழமில்லை. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது, அவ்வளவுதான்.

விளக்கேற்ற உள்ளறைக்குப் போனான். வெளியே வெயில் இன்னும் சாயவில்லை. களத்திலிருந்து உமி வாசனையும், யாரோ கழுதையைத் திட்டும் குரலும் வந்துகொண்டிருந்தன. ஆனால் சன்னலில்லாத அந்த அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் கம்பளிக்கு அப்பால் கேட்பதுபோல மங்கிவிட்டன. பழைய எண்ணெய், ஆட்டுக் கொழுப்புப் புகை, சுவர் மண்ணின் ஈரம் என்று அவன் பிறந்ததிலிருந்து அறிந்த வாசனைகளுக்கு அடியில் இன்னொன்று மெல்ல எழுந்தது. அப்போதுதான் பிளந்த பச்சை மரத்தின் புளிப்பு, அதற்கும் அடியில், வெயிலில் வேலை செய்து திரும்பிய ஆளின் அக்குள் வாடை. தன்னுடையதுதான் என்று நினைத்துத் தோளை முகர்ந்து பார்த்தான். தன்னுடையதுதான். ஆனால் அது எதிரிலிருந்து வந்தது.

திரியைத் தூண்டினான். வெளிச்சம் முகத்தில் ஏறியது.

உள்ளறையாரின் இடது புருவத்தில் ஒரு பிளவு. புதிது. உள்ளே ஈரம் மினுங்கியது.

பேகேர் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அந்த மூக்கைப் பார்த்தான், அந்தத் தாடையைப் பார்த்தான். தினமும் பார்க்கிற முகம். அதனாலேயே பார்க்காமல் விட்ட முகம்.

விளக்கை வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான். முதுகைக் காட்டக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. அந்தச் சட்டத்தை அவன் கால்களே போட்டுக்கொண்டன.

தாகான் களத்தில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாம சீலோவுக்குப் போகணும்."

"ஏன், அங்க எவளாச்சும் இருக்காளா?"

"விளையாடாதீங்கப்பா. ஒரு ஆட்டுக்குட்டி எடுத்துக்குவோம். என்னை மீட்டுட்டு வந்துடுவோம். ரெண்டு நாள் போக, ரெண்டு நாள் வர."

அரிவாள் கல்லில் தேய்வது நின்றது. தாகான் மகனின் புருவத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பத்தொன்பது வருஷம் கழிச்சுப் போய் நின்னா ஊரு சிரிக்காதா? 'தாகான் வீட்டுத் தெய்வம் சீலோ இல்லாம செல்லாது'ன்னு சொல்ல மாட்டான்?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். எனக்கு பயமா இருக்குப்பா."

பேகேர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து இருவருமே கேட்டதில்லை. தாகான் எழுந்து, சிறு வயதில் செய்வதுபோல அவன் பிடரியில் கை வைத்தார். அந்தக் கை சூடாக இருந்தது.

"சரிடா. நாளைக்கு முதற்கதிர் வைக்கிற நாள். உள்ளறையார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம். அவர் சரின்னா மறுநாளே கிளம்பிடலாம். நானே கூட வர்றேன்."

பேகேர் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பு தெரிந்துவிடக் கூடாதே என்று. இரண்டும் வெள்ளை. உள்ளறையார் சரி என்றுதான் சொல்வார். வேறு எதையும் சொல்ல அவரிடம் கல்லே கிடையாது. மூசி இருக்கிற திசைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் உச்சி வெயிலில் நாராள் புது அங்கியோடு வந்தாள். வெள்ளைக் கம்பளி, விளிம்பில் நீலக் கரை. எப்போது நெய்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"போட்டுப் பாரு."

"இது உள்ளறையார் அங்கி இல்ல?"

"உனக்குத்தான். சீலோவுக்குக் கந்தலோடயா போவ?"

அவள் கையில் வழக்கமான அளவுநூல் இருந்தது. உள்ளறையாரைத் தொட்டு அளக்கக் கூடாது என்பதால் ஒவ்வொரு வருடமும் அங்கிக்கு அளவெடுப்பது பேகேரின் மேல்தான். அவன் கழுத்திலிருந்து பாதம்வரை நூலைப் பிடித்து, அதில் நான்கு விரலைக் குறைத்து முடிச்சுப் போடுவாள். அங்கி கனமாக இறங்கி, அவன் பாதத்தைத் தொட்டு நின்றது.

"இந்தத் தடவை நாலு விரல் குறைக்கலையாம்மா?"

"தேவைப்படலை," என்றாள் நாராள். குனிந்து விளிம்பை நீவிவிட்டாள். அந்தக் கை அவன் கணுக்காலில் ஒரு கணம் அதிகமாகத் தங்கியது.

மூவரும் உள்ளறைக்குள் போனார்கள். தாகான் முதற்கதிர்க் கட்டைப் பீடத்தில் சாய்த்து வைத்தார். நாராள் கதவைச் சாத்தினாள். வெயில் ஒரு கோடாக இளைத்து, அதுவும் போயிற்று. விளக்கு. புளித்த மர வாசனை. உத்தரம் எங்கோ முனகியது. காற்றே இல்லாத நாளில்.

"களத்தின் முதல் உமக்கு," என்றார் தாகான். "ஆலையின் முதல் உமக்கு. கருவின் முதல் உமக்கு."

வழக்கமாக அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள். இன்றைக்கு யாரும் இருமவில்லை. பதில் வர வேண்டிய இடம் அப்படியே திறந்து கிடந்தது, வாய்போல.

பேகேர் பையை நீட்டினான். அப்பா கேட்கப்போகும் கேள்விக்கு அவன் உதடுகள் ஏற்கெனவே ஆம் என்று குவிந்திருந்தன.

தாகான் பைக்குள் கையை விட்டார். மகனைப் பார்க்காமல் கேட்டார்.

"பேகேரை எடுத்துக்கிறீரா?"

விளக்குத் திரி சடசடத்தது. அவன் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தான். அப்பா அவசரத்தில் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டார். திரும்பக் கேட்பார். இதோ, இப்போது.

தாகானின் உள்ளங்கையில் கல் இருந்தது. வெள்ளை.

"அப்பா." பையின் வாயை அகலத் திறந்தான். "அப்பா, அது செல்லாது. ரெண்டு கல்லும் வெள்ளைப்பா. மூசி ஏமாத்தியிருக்கான். பாருங்க, கொட்டிக் காட்டுறேன். எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் வரும்!"

இருவரும் அதிர்ந்துபோவார்கள் என்று எதிர்பார்த்தான். தாகான் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் பின்னாலிருந்து வந்தது.

"தெரியும்டா," என்றாள் நாராள். "ஓடையில பொறுக்கிக் கொடுத்ததே நான்தான்."

"அப்போ..."

"தெரிஞ்சேதான் கேட்டேன்," என்றார் தாகான். குரலில் கோபம் இல்லை, துக்கமும் இல்லை. நாற்று நடும் இடத்தைக் காட்டும்போது பேசுகிற குரல். "குட்டிங்களை எடுத்துப் பார்த்தாரு. போதலை. அதுக்கு முன்னாடியே மூசியை எடுத்தாரு. அவன் முதல் பிள்ளை இல்ல, ஒத்துக்கலை. இனிமே கொடுக்கலைன்னா வீட்டையே எடுத்துடுவாரு. நீ மட்டும்தானேடா போற."

"சீலோவுக்குப் போகலாம்னு சொன்னீங்களே."

"சீலோவுக்குப் போனா, நாங்க இத்தனை வருஷம் கும்பிட்டது என்னடா?"

கதவுக்கு ஓடத்தான் நினைத்தான்.

கால் வரவில்லை.

அங்கிக்குள்ளிருந்து அந்த வாசனை வந்தது. பச்சை மரம். குனிந்து பார்க்கக் கழுத்தை வளைத்தான். கழுத்து முனகியது, உத்தரம்போல. விரல்களை மடக்கினான். மடங்கவில்லை. குளிர் பாதத்தில் தொடங்கி முழங்காலுக்கு ஏறியது. வலி இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. கொஞ்சமும் வலி இல்லை.

"அம்மா."

"எப்பப் பாரு எதிர்த்துப் பேசிட்டே இருப்ப," என்றாள் நாராள். அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே அவன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள். "உள்ளறையாரு ஒரு நாளும் எதிர்த்துப் பேசினதில்ல."

அம்மா என்று மறுபடி கூப்பிட்டான். கதவுக் கீல் திரும்பும் ஓசைதான் வந்தது.

எதிரே பீடத்தில் ஏதோ அசைந்தது.

குட்டையான அங்கி. அதற்குக் கீழே இரண்டு கணுக்கால். அவற்றில் ரோமம்.

ஒரு பாதம் கல்லிலிருந்து இறங்கியது. தரையைத் தேடியது. கண்டது. இதுவரை நடந்தே இராத ஒன்றின் முதல் அடி. பிறகு இன்னொன்று.

அது அவனைத் தாண்டிப் போனது. தோள் உரசியது. சூடாக இருந்தது.

பிறகு தாகான் அவனை இடுப்போடு அணைத்துத் தூக்கினார். கனக்கவில்லை போலும், சிரமப்படவே இல்லை. பீடத்தில் நிறுத்தினார். அங்கியின் விளிம்பு கல்லைத் தொட்டது.

அது திறந்துவிட்டுப் போன கதவை யாரும் சாத்தவில்லை. அங்கிருந்து முன்அறை நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருடம் அதற்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சட்டியில் பயறுக்கூழ் ஆவி பறந்தது. மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்றாவது ஆளின் இடது புருவத்தில் அரிவாள் காயம். அப்பத்தைப் பிய்த்து வாயில் வைத்து, எந்தப் பக்கம் மெல்லுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, நாராளின் தாடையைப் பார்த்து அதேபோல மென்றது.

"கூழு நல்லா இருக்காடா?" என்று தாகான் கேட்டார்.

"ஆமாப்பா."

"நாளைக்கு மேட்டு வயல் முழுக்க நீயே அறுத்துடுவியா?"

"ஆமாப்பா."

தாகான் சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் இந்த வீட்டில் இவ்வளவு இதமாக அவர் சிரித்து பேகேர் கேட்டதில்லை.

சாப்பிட்டு முடித்து நாராள் படையல் அப்பத்தை எடுத்து வந்தாள். பீடத்தில் வைத்தாள். விளிம்புக்கு மேலே அவள் கண் ஏறவே இல்லை. அவளுக்குப் பின்னால், வாசலில், அது வந்து நின்று நிமிர்ந்து பார்த்தது. பேகேரின் குரலில் பேசியது.

"அம்மா, உள்ளறையாருக்குக் கண்ணுலேர்ந்து தண்ணி வருது."

நாராள் குனிந்தபடியே திரியைத் தூண்டினாள்.

"பச்சை மரம்டா," என்றாள். "கொஞ்ச நாளைக்குக் கசியத்தான் செய்யும்."